கேமராவுக்கு ஒரு தண்டவாளம்!

எறும்போட கண்ணு பளிச்னு வந்தா மீசை மங்கிடுது. மீசையைப் பிடிச்சா கண்ணு காலி! மேக்ரோ பக்கம் தலைவெச்ச எல்லாருக்கும் நடக்கிற கதைதான் பாஸ் இது. உடனே ஒரு சீனியர் வந்து, ‘ஃபோகஸிங் ரெயில் ஒண்ணு வாங்கிப் போடுடா, எல்லாம் சரியாயிடும்’னு உசுப்பேத்திட்டுப் போவார். கொஞ்சம் பொறுங்க. பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அது உங்களுக்குத் தேவையான்னு பார்த்துடுவோம்.

ரெயில்ங்கிறது ட்ரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவுல உட்கார்ற குட்டித் தண்டவாளம். குமிழைத் திருகினா கேமரா முன்னும் பின்னும் நகரும். ‘லென்ஸ்லயே ஃபோகஸ் ரிங் இருக்கே?’ன்னு கேட்பீங்க. அவ்வளவு கிட்டத்துல ரிங்கைத் திருப்பினா, ஃபோகஸோட சேர்ந்து உருவத்தோட அளவும் மாறிடும். அதனால எவ்வளவு பெருசா வேணும்கிறதை ரிங்ல முடிவு பண்ணிட்டு, கேமராவை நகர்த்தி ஃபோகஸ் பிடிக்கிறது வசதி.

எவ்வளவு நகர்த்தணும்? இங்கேதான் விஷயமே இருக்கு. பூச்சியும் சென்சார்ல விழுற அதன் உருவமும் ஒரே அளவா இருந்தா அது 1:1. அந்த அளவுல, ஃபுல் ஃப்ரேம் கேமராவுல எஃப் 8 வெச்சாலும் தெளிவா வர்ற ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். சின்ன சென்சார் உள்ள ஏ.பி.எஸ்.சி கேமரான்னா சுமார் 0.6. ‘எஃப் 22 வெச்சுட்டா?’ ஆழம் கூடும், ஆனா டிஃப்ராக்‌ஷன் வந்து மொத்தப் படத்தையும் மழுக்கிடும். அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பத்து, இருபது படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் மாதிரி சாஃப்ட்வேர்ல ஒண்ணா அடுக்குறாங்க. இதுக்குப் பேர் ஃபோகஸ் ஸ்டாக்கிங்.

யாருக்கு வேண்டாம்?

கையில கேமராவோட வண்ணத்துப்பூச்சி பின்னாடி ஓடுற கேஸா நீங்க? ரெயில் உங்களுக்கு வெறும் சுமை. அதைத் திருகுறதுக்குள்ள ஹீரோ பறந்து போயிருப்பார். அந்தக் காசுல ஒரு ஃபிளாஷும் டிஃப்யூஸரும் வாங்குங்க, புண்ணியமாப் போகும். காத்துல ஆடுற பூவுக்கும் இதே கதைதான். அடுத்து, உங்க கேமரா மெனுவைத் துழாவுங்க. 2017-ல் வந்த நிக்கான் டி850, 2019-ல் வந்த கேனான் ஆர்.பி மாதிரி பல கேமராக்கள்ல, ஃபோகஸைத் தானா நகர்த்தி வரிசையா படம் எடுக்கிற வசதி உள்ளேயே இருக்கு. ஆட்டோஃபோகஸ் லென்ஸோட 1:1 வரைக்கும் அதுவே தாராளம்.

அப்போ யாருக்குத்தான் வேணும்? பழைய மேனுவல் லென்ஸ், ரிவர்ஸ் ரிங், பெல்லோஸ்னு கைவேலை பார்க்கிறவங்களுக்கு. 1:1-ஐயும் தாண்டிப் போறவங்களுக்கு. விதை, நாணயம், சர்க்யூட் போர்டு, செத்துக் காய்ஞ்சு கிடந்த வண்டுன்னு அசையாத சங்கதிகளை மேஜையில வெச்சு எடுக்கிறவங்களுக்கு.

கடையில என்ன பார்க்கணும்?

முதல்ல மரை. பல்சக்கரத்துல ஓடுற ரெயில் ஒரே சுத்துல பல மில்லிமீட்டர் பாய்ஞ்சிடும். ஃப்ரேம் வைக்க ஓகே, ஸ்டாக்கிங்குக்குக் கஷ்டம். நீளமான திருகு மரையில ஓடுறதுதான் நமக்கு வேணும். மரை இடைவெளி 1 மில்லிமீட்டர்னா, கால் சுத்துக்கு 0.25 மில்லிமீட்டர். கணக்கு சிம்பிள்!

ரெண்டாவது ஆட்டம். குமிழை முன்னாடி திருகிட்டு அப்படியே பின்னாடி திருப்புங்க. கேமரா நகராம குமிழ் மட்டும் சுத்தினா, அதுதான் பேக்லாஷ். மெக்கானிக்கல் பசங்க லேத்ல பார்த்திருப்பீங்க. கொஞ்சம் இருந்தா மன்னிச்சிடலாம், ஒரே திசையில மட்டும் நகர்த்தி எடுத்தா தப்பிச்சுடலாம். ஆனா ரெயில் பக்கவாட்டுல லொடலொடன்னு ஆடினா, நன்றி வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

மூணாவது பூட்டு. உங்க கேமரா, லென்ஸோடவே கடைக்குப் போங்க. மாட்டி, கீழ்நோக்கிச் சாய்ச்சுப் பிடிங்க. தானா வழுக்குதா? பூட்டை இறுக்கும்போது ஸ்கிரீன்ல உருவம் துள்ளுதா? ரெண்டும் கூடாது.

முன்னாடி பின்னாடி போதாதுன்னு இடது வலதும் நகர்ற நாலு திசை ரெயிலைக் காட்டி மயக்குவாங்க. ஃப்ரேம் சரி பண்ண அது உதவும். ஆனா ரெயில் மேல ரெயில் ஏறினா எடையும் ஏறும், ஆட்டமும் ஏறலாம். ஒரே பட்ஜெட்டுன்னா, நல்ல ரெண்டு திசை ரெயிலே பெட்டர். காக்னிசிஸ் நிறுவனத்தோட ஸ்டாக்‌ஷாட் மாதிரி மோட்டார் வெச்சதும் உண்டு. 4:1, 5:1-னு போகும்போது ஒவ்வொரு அடியும் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே வரும்; அப்போதான் அதுக்கு வேலை. இன்னொண்ணு, ட்ரைபாடே நடுங்குதுன்னா எந்த ரெயிலாலயும் காப்பாத்த முடியாது. முதல் செலவு அதுக்குத்தான்.

ஒரு சீரியஸ் மேட்டர். பூச்சி அசையக் கூடாதுன்னு அதை ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிறது, பசை போட்டு ஒட்டுறது... இதெல்லாம் வேண்டாமே ப்ளீஸ். விடிகாலையில குளிர்ல அதுங்களே சோம்பலா உட்கார்ந்திருக்கும். நீங்க ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்தா போதும். ஒரு படத்துக்காக ஒரு உசுரு போகணுமா?

இந்த வார ஹோம் ஒர்க்: ஒரு ஸ்கேலை லென்ஸ் முன்னாடி 45 டிகிரி சாய்ச்சு வெச்சு, வழக்கமா எடுக்கிற செட்டிங்ல ஒரு படம் எடுங்க. பளிச்னு தெரியிற பகுதி எத்தனை மில்லிமீட்டர்னு எண்ணி, 0.7-ஆல பெருக்குங்க. அதுதான் உங்களோட ஆழம். அதுல பாதிதான் ஒவ்வொரு அடியும். கடையில எந்த ரெயில் அந்தப் பாதியை ஆடாம அசையாம நகருதோ, அதுதான் உங்க ரெயில். பிராண்டு, விலை எல்லாம் அப்புறம் பாஸ்!