பழைய வண்டியும் உப்புக் காற்றும்

இராமேசுவரத்தில் பழைய ‘டாட்டா எஸ்டேட்’ ஸ்டேஷன் வாகன் ஒன்றை என் தந்தையார் விலை பேசி வருகின்றார். 1992-இல் வெளிவந்த இனத்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது. அவ்வோட்டங் கண்டு இல்லத்தார் அஞ்சுகின்றனர். யான் அஞ்சுவது அதற்கன்று. டீசல் எஞ்சின் தேயின் பழுது பார்க்கலாம். உப்புக் காற்றுத் தின்ற அடிச்சட்டத்தை மீட்பார் யாவர்? 1914-இல் திறந்த பாம்பன் இரயில் பாலமே, ஓயாது வண்ணம் பூசியும், அரிப்பினால் 2022-இல் ஓய்ந்தது. புதுப்பாலம் 2025-இல் வந்தது.

நிற்க. மதுரையில் மூன்று லட்சம் ஓடிய வண்டி, தீவில் வாளா நின்று துருவேறியதினும் மேல் என்பேன். விரிப்பை நீக்கித் தரைத்தகட்டைத் தட்டுக. அடியில் புதுப்பூச்சுக் காணின் ஐயுறுக. பதினைந்தாண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கவும் சோதனையுண்டு.

தங்கையின் படிப்புக்கெனச் சேர்த்த பணம் அது. தட்டிப் பாராது முன்பணம் தரவேண்டா என்று தந்தையார்க்கு எழுதியுள்ளேன்.