கூழும் குடிப்போம், மாத்திரையும் போடுவோம்

‘இயற்கை விவசாயத்துக்கு வந்துட்டோம், இனிமே நமக்கு மாத்திரை எதுக்கு?’ நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் இப்படிப் பேசாமல் இருப்பதில்லை. கைதட்டலும் விழும். நானும் தட்டியவன்தான். தட்டியதோடு நிற்கவில்லை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, மூன்று ஏக்கரில் கேழ்வரகும் உளுந்தும் போட ஆரம்பித்த புதிதில், எட்டு வருஷமாகப் போட்டுவந்த பிரஷர் மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பெருமையாக ஊரிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்து நிலத்துக்காரருக்கு எழுபது வயது. ‘சார் நீங்களே விட்டுட்டீங்க, எனக்கு மட்டும் எதுக்கு?’ என்று அவரும் விட்டுவிட்டார். ஐந்தாறு மாசம் கழித்து ஒரு விடியற்காலை, மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளப் போனவர் அங்கேயே விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. இப்போது திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் மல்லாட்டை உரிக்கிறார். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மறுநாளே நான் போய்ப் பார்த்துக்கொண்டேன். 170க்கு 100. ஒரு தலைவலிகூட இல்லை எனக்கு! பிரஷர் அப்படித்தான், ஏறுவது தெரியாது.

உணவே மருந்து என்பதை நான் மறுக்கவில்லை. நல்ல சாப்பாட்டாலும் உடலுழைப்பாலும் பிரஷர் குறையலாம், மாத்திரை அளவும் குறையலாம். ஆனால் அதை அளந்து பார்த்து டாக்டர் குறைக்க வேண்டும், நாமாகக் குறைக்கக் கூடாது. இன்னொன்று, நாம் கூழை மட்டுமா குடிக்கிறோம்? தொட்டுக்கொள்ள ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைக் கூழிலேயே நமக்கு அதில் பாதி போய்விடும். விஷமில்லாத ஊறுகாய் என்றாலும் உப்பு உப்புதானே.

சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அதிகம், நார்ச்சத்தும் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். கரைத்து நாலு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவைக் குறைத்து, கீரையும் பருப்பும் கூடச் சேர்க்க வேண்டும். பருப்புக்கு எங்கே போவது என்கிறீர்களா? நம் வீட்டில் விளைந்ததுதான். நல்ல உளுந்தையெல்லாம் சென்னைக்கு மூட்டை கட்டிவிட்டு, வீட்டுக் கிழவிக்கு வெறும் கூழ் ஊற்றுகிறோம். வயதானால் சதை வற்றும், கால் தள்ளாடும். அவர்களுக்குத்தான் பருப்பும் முட்டையும் முதலில் வேண்டும். விற்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு மூட்டை எடுத்துவையுங்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் வந்த பிறகு, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. ‘எங்களுக்கு வேணாம்’ என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய இயற்கை விவசாயி வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

போன மாசக் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையே வரச் சொன்னோம். விதைப்பானைகள் வைத்திருந்த மேசையில் ஓர் ஓரமாகக் கருவியை வைத்தார். முதல் ஆளாக நான் கை நீட்டினேன். மாத்திரையோடு 138க்கு 84. எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். அதில் நாலு பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் போய்விட்டு வந்தார்கள். நாலாமவர் வீட்டுக்கு நாளைக்கு நானே போகிறேன்.