கிராம சபைக்கு எந்த 200 பேர்?

அடுத்த வருஷம் ஊராட்சி எதை முதலில் செய்வது? குடிநீரா, சாக்கடையா, தெருவிளக்கா? இதைப் பேசத்தான் அக்டோபர் 2 கிராம சபை. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்தாலே கூட்டம் செல்லும்.

சரி, எந்த 200 பேர்? கூட்டம் வழக்கமாகக் காலை 11 மணிக்கு. அது ஏலக்காய் எடுக்கும் காலம். ராசிங்காபுரம், சில்லமரத்துப்பட்டி என்று போடி வட்டாரத்தில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியும் முன்பே ஜீப் ஏறிவிடுவார்கள். 2019-ல் தேர்வான தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவரே இல்லாத நாளில் சபையும் கைவிட்டால் ஊர்க்காரர் எங்கே போய்ச் சொல்வது?

கூட்டத்தை மாலைக்கு மாற்றப் பெரிய செலவில்லை. குடம் தூக்குகிறவர் வந்து பேசினால்தானே குடிநீர் முதலிடத்துக்கு வரும்?