தட்டைத் திருப்பிப் பாருங்கள்



போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வெகுநேரம் நின்றுவிட்டேன். எனாமல் தூக்குகளுக்கு நடுவே ஒரு மங்குத் தட்டு. வெள்ளையில் நீலம்: தொங்கும் வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே ஜோடிப் பறவை. “இருநூறு வருஷப் பழசு சார்” என்றார் கடைக்காரர். திருப்பினேன். அடியில் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கில முத்திரை. செய்த நாட்டின் பெயர் இல்லாமல் இறக்குமதி கூடாது என்று அமெரிக்கா 1891-இல் கறாராகச் சொன்ன பிறகுதான் அந்தச் சொல் பீங்கானின் அடியில் வழக்கமாக ஏறியது. ஆக, கொள்ளுப்பாட்டி வயது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இல்லை.

அதில் இருப்பது சீனக் காதல் கதை என்பார்கள். ஓடிப்போன காதலர்கள், துரத்தும் அப்பா, கடைசியில் இருவரும் பறவையாவது. சீனத்துச் சாயலில் படத்தை வரைந்ததும் இங்கிலாந்து, பிற்பாடு அதற்குக் கதை கட்டியதும் இங்கிலாந்துதான்! வியாபாரம் என்றால் அப்படி.

இந்த நீலப் படம் தட்டில் ஏறும் விதமும் சுவையானது. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்துப் பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா ஸ்போடு, மெருகுக்கு அடியில் நீல அச்சுப் பதிக்கும் முறையை 1784-இல் கைவரப் பெற்றார். செதுக்கிய செப்புத் தகட்டில் கோபால்ட் மை பூசி, மெல்லிய தாளில் படமெடுத்து, ஒருமுறை சுட்ட தட்டில் ஒட்டித் தேய்ப்பார்கள். தாளை நீரில் கழுவியெடுத்தால் படம் தங்கிவிடும். பிறகு மெருகு பூசி மறுபடி சூளை. அந்தச் சூட்டை அன்று நம்பகமாகத் தாங்கிய நிறம் நீலம்தான்.

ஓரத்துப் பூவேலையைத் தனித்தனித் துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். பெரும்பாலும் பெண்களின் வேலை. என் தட்டில் (ஆமாம், வாங்கிவிட்டேன்) ஓரிடத்தில் பாதிப் பூ ஒன்று சம்பந்தமில்லாத கட்டத்தில் போய் முட்டி நிற்கிறது. துண்டு போதவில்லை, ஒட்டுப்போட்டுவிட்டாள். வயதைவிட எனக்கு அந்த ஒட்டுதான் பெரிது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். முன்பக்கத்தோடு அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். ஒரு வேண்டுகோள்: பழைய மெருகில் ஈயம் இருக்கும். ஆசைக்காகக்கூட அதில் ரசம் சாதம் போட்டுச் சாப்பிட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்