லைசென்ஸ் வாங்க காது மிஷினைக் கழற்ற வேண்டுமா?

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகும் சாலையில் ஹார்ன் அடிக்காமல் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. வளைவில் முந்த ஒரு ஹார்ன், சந்திலிருந்து சாலையேற ஒரு ஹார்ன், ஆடு மாடு குறுக்கே வந்தால் இன்னொன்று. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் டிராக்டர் டிரெய்லர்களும், மாசித் திருவிழாவின்போது வெளியூர் வேன்களும் சேர்ந்துகொண்டால் சத்தத்துக்குக் கேட்கவே வேண்டாம். லாரிகளின் முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியே வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட சாலையில் காது மந்தமான ஒருவர் வண்டி ஓட்டலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அக்கறையில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறை தரும் பலன் நேர்மாறானது. காது சரியாகக் கேட்கவில்லை என்று வெளியில் தெரிந்தால் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை, கேட்புத்திறன் குறைந்தவர் பரிசோதனைக்குப் போக மாட்டார். மிஷின் வாங்கியிருந்தாலும் லைசென்ஸ் புதுப்பிக்கும் நாளில் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மூக்குக் கண்ணாடி போட்டு வருபவரை எப்படிச் சாதாரணமாகப் பார்க்கிறோமோ, அப்படியே காது மிஷின் போட்டு வருபவரையும் நம் போக்குவரத்து நிர்வாகம் பார்க்கத் தொடங்கினால் சாலைதான் பாதுகாப்பாகும்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வளவு எளிதல்ல. மோட்டார் வாகன விதிகளின்கீழ் விண்ணப்பதாரர் தன் உடல்தகுதி பற்றித் தானே உறுதியளிக்கும் படிவம் 1-இல் காது பற்றி ஒரு கேள்வி உண்டு. சாதாரண ஒலி எச்சரிக்கையைக் கேட்க முடியாத அளவுக்குச் செவிட்டுத்தன்மை இருக்கிறதா என்று கேட்கும் அந்தக் கேள்விக்குள்ளேயே, இலகுரக வாகனத்துக்கான விண்ணப்பமென்றால் கருவி அணிந்தோ அணியாமலோ கேட்டால் போதும் என்ற சலுகையும் இருக்கிறது. கார் ஓட்ட விரும்புபவர் மிஷின் போட்டுக்கொண்டு கேட்கலாம் என்பதை விதியை எழுதியவர்கள் அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதற்கு மேலேயும் வழி திறந்தது. தேசியக் காதுகேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில், தேர்வில் தேறும் காதுகேளாதவருக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை 2011 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்தது. 2016-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் மருத்துவ வல்லுநர்களின் கருத்தைப் பெற்று, கேட்புத்திறன் குறைந்தோருக்கு லைசென்ஸ் வழங்கலாம் என்று மாநிலங்களுக்குத் தெரிவித்தது. வண்டி ஓட்டுவது முதன்மையாகக் கண்ணின் வேலை, அதில் காதின் பங்கு சிறிது என்பதே அந்தக் கருத்தின் சாரம். டெல்லியில் எழுதப்பட்ட இது தருமபுரியில் எட்டு போட்டுக் காட்ட வரிசையில் நிற்பவரின் காதுக்கு எட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கண்ணின் வேலை என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? 2022-இல் இந்தியச் சாலைகளில் நடந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது 64,105 விபத்துகளைக் கண்ட தமிழ்நாடு. அந்த ஆண்டின் அரசு அறிக்கைப்படி, இறப்புகளில் பத்தில் ஏழு அதிவேகத்தால் நேர்ந்தவை. குடிபோதை, தவறான பக்கத்தில் வருவது, சிக்னலை மீறுவது, செல்போன் பேச்சு எல்லாம் தனித்தனி வகைகளாக அதில் உள்ளன. காது கேளாமை என்று ஒரு வகையே இல்லை. கணக்கெடுக்காத ஒன்று ஆபத்தில்லாதது என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது என்பது உண்மை. ஆகவே வேறு ஆய்வுகளையும் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் தேசியச் சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தில் பிர்கர் தோர்ஸ்லுண்டும் சகாக்களும் செய்த ஆய்வுகளில், கேட்புத்திறன் குறைந்த ஓட்டுநர்கள் சிக்கலான இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். பின்பக்கக் கண்ணாடியை மற்றவர்களைவிட அடிக்கடி பார்த்தார்கள். தன் குறை இன்னதென்று அறிந்தவர் அதை ஈடுகட்டிக்கொள்கிறார். காது கேட்கிறது என்ற தைரியத்தில் புது பைக்கின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் அழகுக்காகக் கழற்றிப்போடும் இளைஞர் எதையும் ஈடுகட்டுவதில்லை.

எதிர்த்தரப்புக்கும் வலுவான ஓர் ஆய்வு உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லூயிஸ் ஹிக்சனும் சகாக்களும் முதியவர்களை மூடிய சாலைத் தடத்தில் வண்டி ஓட்டவைத்துப் பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டும்போதே கவனத்தைப் பிரிக்கும் வேறொரு வேலையும் கொடுத்தபோது, நடுத்தரம் முதல் கடுமையான கேட்புக்குறை உள்ளவர்கள் மற்றவர்களைவிடத் தடுமாறினார்கள். சரியாகக் கேட்காத ஒன்றைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைக்கிறது. அந்த உழைப்பு சாலையைப் பார்க்கும் கவனத்திலிருந்து பிடுங்கப்படுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். லைசென்ஸ் கொடுக்காதே என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. கேட்க முடியாமல் சிரமப்பட்டுக்கொண்டே ஓட்டாதே என்பதுதான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். பின்சீட்டிலிருந்து பேத்தி கேட்கும் கேள்விக்குத் திரும்பி உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லும் தாத்தாவுக்கு ஆபத்து காதிலிருந்து வருவதில்லை, அந்தத் திரும்பலிலிருந்து வருகிறது. வண்டி ஓடும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது வீட்டாரின் பொறுப்பு.

அடுத்து வரும் ஆட்சேபம் 108 ஆம்புலன்ஸ். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்க 2019 திருத்தச் சட்டம் இடம் தருகிறது. சைரன் கேட்காதவர் எப்படி வழிவிடுவார்? ஆம்புலன்ஸின் தலையில் சுழலும் விளக்கு எதற்காக இருக்கிறது என்பதுதான் இதற்குப் பதில். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் அடிக்கடி பார்த்து ஓட்டுபவருக்கு அந்த விளக்கு தூரத்திலேயே தெரிந்துவிடும். மாறாக, கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுப் பாட்டைக் கூட்டி வைத்திருப்பவருக்கும், டிரெய்லரில் கரும்பைக் குவித்துக்கொண்டு ஸ்பீக்கரை அலறவிட்டுப் போகும் டிராக்டர்காரருக்கும், இரண்டு காதிலும் இயர்போன் செருகியிருக்கும் பைக்காரருக்கும் சைரன் எவ்வளவு கேட்கும்? அவர்களின் லைசென்ஸைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பிரிட்டனில் கார் அல்லது பைக் ஓட்டுபவர் காது கேளாதவர் என்பதை உரிமம் தரும் அமைப்புக்குத் தெரிவிக்கவே தேவையில்லை. பேருந்து, லாரி ஓட்டுபவர் மட்டும் தெரிவிக்க வேண்டும். ஒரு காலத்தில் 10 மீட்டர் தூரத்து ஹார்ன் கேட்டே ஆக வேண்டும் என்று கறாராக இருந்த ஜப்பான், 2008 ஜூனில் விதியைத் தளர்த்தியது. அகலமான பின்பக்கக் கண்ணாடி பொருத்தி, வண்டியில் பட்டாம்பூச்சிச் சின்னம் ஒட்டினால் முழுவதும் காது கேளாதவரும் கார் ஓட்டலாம் என்றது. நம்மூரில் ஹார்னின் தேவையே அதிகம் என்று சொல்பவர்கள், ஹார்னை நம்பி நடக்கும் போக்குவரத்தைச் சரிசெய்வதா, அந்தச் சத்தத்திலேயே காதை இழந்தவரைச் சாலையிலிருந்து விரட்டுவதா என்று யோசிக்க வேண்டும்.

அனுமதி மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. மிஷின் போட்டுக்கொண்டு ஓட்டுவதில் நடைமுறைத் தொல்லைகள் உண்டு. தீர்த்தமலை போன்ற ஊரில் அவற்றில் முதலாவது ஹெல்மெட். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினை ஹெல்மெட்டின் உள்பஞ்சு அழுத்தும். மைக்கை மூடினால் ‘கீ’ என்று விசிலடிக்கும். காற்று வேகமாக மோதும்போது அந்த இரைச்சலையே பெருக்கிக் காதில் கொட்டும். இதற்காக ஹெல்மெட்டைக் கழற்றுவதோ, தளர்வான ஹெல்மெட் மாட்டுவதோ தலையைப் பணயம் வைப்பதாகும். மிஷின் வாங்கப் போகும் நாளில் ஹெல்மெட்டையும் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுப் பார்த்துத்தான் மிஷினின் அமைப்பைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். காதுக்குள்ளேயே பொருந்தும் வகை, முன்பக்கம் தூக்கித் திறக்கும் ஹெல்மெட், காற்றிரைச்சலைக் குறைக்கும் அமைப்பு என்று வழிகள் இருக்கின்றன, கேட்டால்தான் கிடைக்கும். புதிதாக மிஷின் மாட்டியவருக்குச் சிறு சத்தமும் இடி போலிருக்கும் என்பதால், வீட்டிலும் தெருவிலும் சில வாரம் பழகிய பிறகே அதோடு வண்டியை எடுக்க வேண்டும். ஒரு காதுக்கு மட்டும் மிஷின் போட்டால் ஹார்ன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது பிடிபடாமல் போகலாம். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போடுவது ஓட்டுபவருக்குத் தேவை. இண்டிகேட்டரின் ‘டிக் டிக்’ கேட்காமல், திரும்பி முடித்த பிறகும் அதை அணைக்காமல் பல கிலோமீட்டர் போவது இவர்களிடம் சகஜம். மீட்டரில் மின்னும் அம்புக்குறியைப் பார்த்து அணைக்கும் பழக்கம் வேண்டும். பேட்டரி தீரப்போவதை மிஷின் பீப் ஒலியால் முன்கூட்டியே சொல்லும். மாற்று பேட்டரி பையில் இருக்க வேண்டும், மாற்றுவது வண்டியை ஓரங்கட்டிய பிறகே நடக்க வேண்டும்.

கனரக வாகனம் ஓட்டுபவர்களின் நிலைதான் இதில் மிகவும் சிக்கலானது. எஞ்சின் சத்தத்திலும் ஏர் ஹார்ன் அலறலிலும் ஆயுளைக் கழித்த லாரி ஓட்டுநருக்குக் காது மந்தமாவது தொழில் தந்த காயம். ஆனால் படிவம் 1 கருவியோடு கேட்கலாம் என்ற சலுகையை இலகுரக வாகனத்துக்கு மட்டுமே தருகிறது. அதாவது, மிஷின் போட்டால் நன்றாகக் கேட்கும் ஓட்டுநருக்கு, மிஷின் போடுவதே பிழைப்பைக் கெடுக்கும் சாட்சியாகிவிடுகிறது. அவர் மிஷின் போடாமல், குறையைச் சொல்லாமல், பாதி கேட்டும் கேளாமலும் தொப்பூர் கணவாயில் சரக்கோடு இறங்குவதைவிட, பரிசோதித்து மிஷின் மாட்டிக்கொண்டு இறங்குவது எல்லோருக்கும் நல்லதில்லையா? அமெரிக்காவில் வணிக வாகன ஓட்டுநரின் காதைக் கருவி அணிந்தும் சோதிக்கலாம். கருவி அணிந்தும் தேவையான அளவை எட்ட முடியாத காதுகேளாத ஓட்டுநர்கள் 40 பேருக்கு 2013-இல் விலக்கு தரப்பட்டது. பயணிகள் பேருந்து, பள்ளி வாகனம் ஆகியவற்றில் உள்ளேயிருந்து வரும் குரலும் கேட்க வேண்டியிருப்பதால் கூடுதல் கண்டிப்பு நியாயமே. அந்தக் கண்டிப்பும் மிஷின் போட்ட காதை அளந்து பார்த்த பிறகு வர வேண்டும்.

இங்கே இன்னோர் இடைவெளியும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை கேட்பிழப்பு உள்ளவரைத்தான் கேட்புத்திறன் குறைந்தவர் என்கிறது; 70-ஐத் தொட்டால் காதுகேளாதவர். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் இலவச மிஷினுக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது. 45, 50 டெசிபல் இழந்த விவசாயிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. பின்னால் வரும் பேருந்தின் ஹார்னும் அவருக்குத் தெளிவாகக் கேட்காது. சாலையில் மிக அதிகமாக இருக்கக்கூடியவர்களும், எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்களும் இவர்கள்தான். நாற்பது வயதைத் தாண்டியவர் லைசென்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ மருத்துவரின் படிவம் 1ஏ வேண்டும். கண்ணுக்கு எழுத்துப் பலகையைக் காட்டும் மருத்துவர், காதைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டால் இவர்களைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே வாய்ப்பும் கைநழுவிப் போகிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. படிவம் 1ஏ தரும் முன் எளிய காதுப் பரிசோதனை கட்டாயமாகட்டும். குறை தெரிந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பட்டும். மிஷின் போட்டு மறுபடி அளந்த பிறகு தகுதி முடிவாகட்டும். பார்வைக் குறைக்குக் கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை போலவே, கருவி அணிந்து ஓட்ட வேண்டும் என்ற குறிப்பும் பக்கக் கண்ணாடிகள் கட்டாயம் என்ற குறிப்பும் லைசென்ஸில் சேரட்டும். கனரக வாகனத்துக்கும் கருவி அணிந்த காதையே அளக்கும்படி படிவத்தை மத்திய அரசு திருத்தட்டும். சலுகை கொடுத்தால் தகுதியில்லாதவரும் நுழைந்துவிடுவார் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அவர் ஏற்கெனவே சாலையில்தான் இருக்கிறார், அளக்கப்படாமல். மேலே சொன்ன நடைமுறை வந்தால் அவரை முதன்முறையாக ஒருவர் சோதித்துப் பார்த்திருப்பார். தேறாதவரிடம் வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்லவும் அப்போதுதான் நிர்வாகத்துக்குக் காரணமும் துணிவும் இருக்கும்.