கையகல இடத்தில் கொத்துச் சிவப்பு ரோஜா

"எங்கள் வீட்டில் ரோஜா மட்டும் தங்குவதேயில்லை. வாங்கி வந்த மாதம் பூக்கிறது, மறுமாதம் மஞ்சளடித்து நிற்கிறது. என்ன செய்வது?" என்று கேட்டு எழுதிய சகோதரிகள் ஒருவர் இருவர் அல்ல. எனக்கும் இதே கதைதான் நடந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இதெல்லாம் செடிகளைச் சாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம்.

நாங்கள் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். அங்கே விஜயநகரம் பகுதியில் ஒரு ரோஜாப் பூங்கா இருக்கிறதல்லவா, 1995இல் நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக அமைத்தது? பெரிய பெரிய ரோஜாக்களைப் பார்த்தபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பாத்தி நிறைய முழங்கால் உயரத்துக்கு, இலையே தெரியாமல் கொத்துக் கொத்தாய்ச் சிவப்பு பூத்திருந்ததே, அங்கேதான் கால் நின்றுவிட்டது. எங்கள் வாசலில் படிக்கட்டை ஒட்டி ஆறடிக்கு மூன்றடி இடம் சும்மா கிடந்தது. வரும் வழியில் ஒரு நர்சரியில் நான்கு செடி வாங்கிவிட்டேன்.

இந்த ஜாதியைப் புத்தகத்தில் 'புளோரிபண்டா' என்கிறார்கள். டென்மார்க்கில் பவுல்சன் குடும்பத்தார் குளிர் தாங்கும் ரோஜா வேண்டுமென்று, கொத்தாய்ப் பூக்கும் குட்டை ஜாதியையும் பெரிய பூ ஜாதியையும் இனக்கலப்புச் செய்து உண்டாக்கினார்கள். 1924இல் 'எல்ஸ் பவுல்சன்' என்ற ரோஜா வந்தது. நம் பக்கத்து நர்சரியில் போய் அந்தப் பெயரெல்லாம் சொல்ல வேண்டாம். குட்டையாய், கொத்தாய்ப் பூக்கிற சிவப்பு என்று கேளுங்கள். சில இடங்களில் பட்டன் ரோஸைக் காட்டுவார்கள். அதன் பூ இன்னும் சின்னது. பாத்திக்கு அதுவும் அழகுதான். இன்னொரு சங்கதி: ஆண்டு முழுக்கப் பூக்கும் குணமும் இந்த அடர்ந்த சிவப்பும் ரோஜாவுக்குச் சீனத்துச் செடியிலிருந்து வந்தவை. அந்தச் செடிகள் கப்பலில் கல்கத்தா வழியாக ஐரோப்பா போனதால், வெள்ளைக்காரர்கள் அவற்றுக்கு 'வங்காள ரோஜா' என்று பெயர் வைத்துவிட்டார்களாம்!

கதைக்கு வருகிறேன். நான்கு செடியும் இரண்டு மாதம் நன்றாக இருந்தன. பிறகு மூன்று செடிகளின் கொழுந்து வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் எலுமிச்சை மஞ்சள். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மோசமாயிற்று. என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், "ஏம்மா, குடிக்கிற தண்ணிக்கு ஆலாப் பறந்த ஊருல ரோசாச் செடிக்குக் குடம் குடமா ஊத்தறியே, அடுக்குமா?" என்றார். சுருக்கென்று தைத்தது.

அத்தை பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வயசுப் பெண்ணாக இருந்தபோது ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார் என்பதைக் கேட்டால் நமக்குக் கால் வலிக்கும். பிறகு போர் வந்தது, நடை மிச்சமாயிற்று. ஆனால் அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு. பல்லில் அந்தக் காலத்திலேயே காவி ஏறிவிட்டது. இப்போது கழுத்தையும் முழங்காலையும் மடக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்தில் இப்படி எத்தனையோ பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் குழாயில் காவிரித் தண்ணீரைப் பார்த்தோம். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறிவாகும். எட்டு வயது வரை பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிற காலம். ஆகவே அவர்கள் குடிக்கவும், அவர்களுக்குச் சமைக்கவும் போர்த் தண்ணீர் வேண்டாம்.

அப்படிப்பட்டவர் கண்ணெதிரே செடிக்கு நல்ல தண்ணீரை எடுக்க முடியுமா? நான் ஊற்றியது போர்த் தண்ணீர்தான். செடிகளைக் கெடுத்ததும் அதுதான் என்பது பிறகுதான் புரிந்தது. நான்காவது செடி தாழ்வாரத்து மழைத் தண்ணீர் சொட்டும் மூலையில் இருந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் அது மட்டும் கரும்பச்சையாய்த் துளிர்த்து நின்றது. மற்ற மூன்றின் அடியிலும் மண்மேல் வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தது. வெந்நீர் அண்டாவில் படிகிறதே, அதே வெள்ளை! ரோஜாவை மஞ்சளாக்கியது ஃப்ளோரைடு இல்லை; அந்தத் தண்ணீரின் காரத் தன்மை. மண்ணும் சுக்கான் கலந்ததாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. (உங்கள் மண்ணையும் நீரையும் சோதித்துப் பார்க்க நினைத்தால், எங்கள் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.)

அன்று மாலையே அத்தையிடம் சொன்னேன்: "இனிமே குழாய்த் தண்ணியும் வேண்டாம், போர்த் தண்ணியும் வேண்டாம் அத்தை. மானத்துத் தண்ணியிலேயே வளர்த்துக் காட்டறேன்." அத்தை சிரித்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் தண்ணீர் இறங்கும். தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. நம்மில் எத்தனை பேர் வீட்டுக் குழாய் அடைபடாமல் இருக்கிறது என்று கேட்காதீர்கள்! எங்கள் வீட்டுக் குழாயை ஒரு 200 லிட்டர் டிரம்மில் திருப்பிவிட்டோம். எட்டுச் செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு 2 லிட்டர் என்றால், டிரம் நிறைந்தால் மூன்று வாரத்துக்கு மேலேயே வருகிறது. டிரம் வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

காவிரித் தண்ணீரில் அரிசி களைந்த நீரும் செடிக்குத்தான். சோப்புத் தண்ணீர் கூடாது. இப்போது பல வீடுகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் இருக்கிறது. அதிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ரோஜாவுக்கு ஊற்றுகிறார்கள். போரில் இருக்கும் உப்பைவிட அதில் உப்பு அதிகம். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் டிரம் காய்ந்துவிட்டால் போர்த் தண்ணீரைத் தவிர வழியில்லை. அப்போது தினமும் கொஞ்சம் தெளிக்காமல், மூன்று நாளைக்கொரு முறை வேர் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். கோடை மழை ஒன்று வந்தால் போதும், உப்பு கரைந்து கீழே போய்விடும்.

மஞ்சளடித்த செடிக்கு அன்னபேதி உப்பு நல்ல மருந்து. மண்ணில் போட்டால் எங்கள் மண் அதையும் கட்டிப் போட்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுக் கொழுந்து பச்சையாய் வரும். பச்சை நிறமாய் இருப்பதை வாங்குங்கள், பழுப்பேறியது வேண்டாம். பார்க்கக் கல்கண்டு போலிருக்கும், ஆனால் குழந்தை தின்றால் உயிருக்கே ஆபத்து. பரண்மேல் வையுங்கள்.

நடவு சுலபம். ஒன்றரையடிக் குழி, தோண்டிய மண்ணில் பாதியளவு மக்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளை காட்டு ரோஜாவுடையது, தயங்காமல் பிய்த்தெறியுங்கள். நான் விட்டுவைத்து ஒரு செடியை இழந்தேன். செடிக்குச் செடி ஒன்றரையடி. காலை வெயில் நன்றாக விழ வேண்டும். எங்கள் ஊரின் பிற்பகல் வெயிலுக்குச் சுவர் நிழல் இருந்தால் நல்லது. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் போடச் சொல்லுவார்கள். சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே தாராளமாக உள்ள மண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பூ வாடியதும் ஒற்றைப் பூவைக் கிள்ளாமல், கொத்தையே கீழே ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலாக வெட்டிவிடுங்கள். அடுத்த கொத்து அங்கிருந்துதான் வரும். கோடையில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி பிடித்துத் தூசி படிந்தாற்போல் ஆகும். இலையைத் திருப்பி வேகமாய்த் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, துளி சோப்புக் கரைசலோடு. தக்காளிக் காட்டுக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருக்கிறதே என்று அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வாசல் ரோஜாவைத் தலையில் வைக்கிறோம், பிள்ளைகள் இதழை வாயில் போடுகின்றன. முள் ஆழமாய்க் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கவாத்துக்கு எங்கள் பக்கம் நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 45 நாளில் பூ. முன்பு எங்கள் மாவட்டத்தோடு இருந்து, 2004இல் கிருஷ்ணகிரியோடு பிரிந்துபோன ஓசூரில், கண்ணாடிக் காகிதக் குடிலில் ரோஜா வளர்ப்பவர்களும் பிப்ரவரி 14க்கு இப்படித்தான் நாளெண்ணி வெட்டுகிறார்கள். நமக்குப் பொங்கல் போதும். கார்த்திகை நடுவில் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள்.

மூன்று செடி பிழைத்தன. கவாத்தில் விழுந்த பென்சில் கனக் குச்சிகளை ஆறங்குலமாய் நறுக்கி நட்டு, ஐந்து தேறின. ஆக எட்டு. போன பொங்கலுக்குப் படிக்கட்டோரம் ஊட்டியில் பார்த்த மாதிரியே இல்லையென்றாலும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு இருந்தது. வாசனை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அரிசி களைந்த நீரை இப்போது என்னைத் தொடவிடுவதில்லை. அத்தைதான் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஊற்றுகிறார். போன வாரம், "அரூர்ல இருக்கறவளுக்கு ரெண்டு குச்சி வையி" என்றார். நாத்தனாருக்காக மூன்று குச்சி, தயிர் டப்பாவில் வேர் விட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த இதழில் புதினா.