காப்பவனைக் கைவிட்டவர் யார்?

மேடைகளில் ஒரு குற்றச்சாட்டு ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கிறது. “படிக்க வைத்த நாட்டை மறந்து, பணத்துக்காக அயல்நாட்டுக்கு ஓடுகிறார்கள்” என்பதே அது. கைதட்டலும் அதற்குக் குறைவின்றிக் கிடைக்கிறது. ஆனால், ஓடியவனாகத் தூற்றப்படுபவன் என்ன தொழில் செய்தான், இங்கிருந்தபோது அவனை யார் எவ்வாறு நடத்தினர் என்னும் வினாக்களை எழுப்புவோர் அரியர். விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு நீதியாகுமா?

மலேசியாவிலிருந்து கற்றோர் வெளியேறுவது மறுக்கவியலாத உண்மை. 2011-ஆம் ஆண்டு ஏப்ரலில் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, அயல்நாடுகளில் வாழும் மலேசியர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் உயர்கல்வி பெற்றவர்கள். மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரில் இருந்தவர்கள். இப்பெருங்கூட்டத்தில் ஒருவன் கணினி அமைப்பு நிர்வாகி. அவன் ஒருவனை எடுத்து ஆராய்ந்தாலே மேடைக் குற்றச்சாட்டின் வெறுமை விளங்கிவிடும்.

அவனுடைய தொழில் யாது? மென்பொருளைப் படைப்போர் சிலர், பயன்படுத்துவோர் பலர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, சர்வர்கள் இரவும் பகலும் இயங்குமாறு காப்பவனே நிர்வாகி. எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என வரையறுப்பதும், அன்றாடத் தரவுகளுக்கு மாற்றுப்படி எடுத்து வைப்பதும், திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அவன் கடமைகள். ஏனையோர் உறங்கும் நள்ளிரவே அவனுக்கு வேலை நேரமாவதும் உண்டு. செவ்வனே செய்யப்பட்ட இவ்வேலை எவர் கண்ணுக்கும் தெரியாது. தவறினால் மட்டுமே தெரியும்.

2024 ஜூலை 19-ஆம் நாள் உலகம் இதனைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. தொலைவிலிருந்து சீர்செய்ய இயலாத கணினிகள் பல. அவை ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து, பழுதான கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. அந்நாளில் நாடு நாடாகக் கண்விழித்தவர்கள் இந்த நிர்வாகிகளே. ஜூலையின் இறுதி வெள்ளிக்கிழமை இவர்களைப் பாராட்டும் நாளாக 2000-ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வாண்டு அந்நாள் சரியாக ஒரு வாரம் கழித்து வந்தது. எத்தனை அலுவலகங்கள் அன்று ஒரு வார்த்தை நன்றி கூறின?

இத்தகையவனை இங்குள்ள முதலாளிகள் பலர் நடத்தும் முறை வேடிக்கையானது. பொறிகள் ஓடிக்கொண்டிருந்தால், “எல்லாம் தானாகவே ஓடுகின்றன, இவனுக்கு எதற்குச் சம்பளம்?” என்கின்றனர். நின்றுவிட்டால், “இவன் எதற்குச் சம்பளம் வாங்குகிறான்?” என்கின்றனர். இரண்டிலும் குறைவது அவன் சம்பளமே.

முதலாளிகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மருத்துவர், வழக்கறிஞர் என்றால் எழுந்து நின்று வரவேற்கும் தமிழ்ச் சமுதாயம், இவனைக் “கணினி ரிப்பேர் பார்ப்பவன்” என்றே அறிமுகம் செய்கிறது. பள்ளிக்குக் கணினிகளை நன்கொடையாக வழங்கும் நாளில் மாலை உண்டு, புகைப்படம் உண்டு. அடுத்த ஆண்டு அவற்றைப் பேண ஒருவருக்குக் கூலி கொடுக்க வேண்டுமென்றால், நிதி இல்லை என்ற விடையே வருகிறது. வாங்குவதைப் பெருமையாகவும் காப்பதைச் செலவாகவும் கருதும் மனப்பான்மை இது. இம்மனப்பான்மையே அவனைக் கடற்பாலத்தின் அக்கரைக்குத் தள்ளுகிறது.

பணமே காரணம் என்று வாதிடுவோர் உண்டு. பணத்தின் ஈர்ப்பை மறுக்க வேண்டியதில்லை. 1973 மே வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று ஈடாக மாற்றிக்கொள்ளப்பட்டன. 2024-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குச் சோறிடுபவன் இந்தக் கணக்கைப் பார்ப்பது பாவமன்று. ஆனால் பணம் ஒன்றே காரணமாயின், பணத்தாலேயே அனைவரையும் திரும்ப அழைத்திருக்கலாம். தேர்ந்த வல்லுநர்கள் நாடு திரும்பினால் ஐந்தாண்டுகளுக்கு 15 விழுக்காடு வருமான வரி மட்டுமே என்னும் சலுகையை அரசு வகுத்தது. வரிச்சலுகை ஐந்தாண்டில் முடியும். ஆறாம் ஆண்டில் அவனுடைய உழைப்புக்கு மதிப்பளிக்கப் போகிறவர் யார்?

அக்கரை சொர்க்கமும் அன்று. அவனுக்கு அளிக்கப்படும் வேலை அனுமதி முதலாளியோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும். அவனை அண்டியிருக்கும் மனைவி மக்களின் அனுமதியும் உடன் போகும். நாற்பதைக் கடந்த வயதில், நிறுவனம் தன் சர்வர்களை விட்டுவிட்டு வாடகைக் கணினிச் சேவைக்கு மாறும்போது, அவன் மீண்டும் மாணவனாக வேண்டும். தீபாவளியன்றும் தொலைபேசி ஒலித்தால் எண்ணெய்த் தலையோடு எழுந்தோட வேண்டும். இரட்டைக் குடியுரிமையை மலேசியச் சட்டம் ஏற்பதில்லை; ஆதலால் அந்நாட்டுக் குடிமகனாக விரும்பினால் பிறந்த நாட்டின் உரிமையைத் துறந்தாக வேண்டும். பெற்றோரின் நோயோ, சிங்கப்பூர்ப் பள்ளியில் ஊன்றிவிட்ட பிள்ளைகளின் கல்வியோ அவனை இரு கரைக்கும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு துன்பங்களையும் அறிந்தே ஒருவன் போகிறான் என்றால், அவனுடைய நன்றியுணர்வை ஐயுறுவதா, அவனை அனுப்பிய சூழலை ஐயுறுவதா? பழி சுமத்துவது எளிது. வீட்டைச் செம்மை செய்வது அரிது. எளியதையே தேர்ந்தெடுப்பது தலைமைக்கு அழகன்று.

அடுத்த முறை மேடையேறி இவ்விளைஞரைச் சாடப் போகிறவர்கள், அதற்கு முன் தத்தம் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையைத் திறந்து பார்க்கட்டும். நன்கொடையாளரின் பெயர்ப்பலகைக்குக் கீழே எத்தனை கணினிகள் இயங்குகின்றன என எண்ணட்டும். அவற்றைக் காக்க ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திவிட்டு, பின்னர் வந்து பேசட்டும்.